கை வந்த காலம்

குலவிளக்குக் கட்சி ஆட்சிக்கு வந்து, நாட்டிலிருக்கிற பெண்களெல்லாம் விளக்குகள் என்று அறிவித்து, விளக்குக்கு எதற்குச் சம்பளம், விளக்குக்கு எதற்கு விடுமுறை என்று ஒவ்வொன்றாக யோசிக்கத் தொடங்கியிருந்த ஓர் ஆனி மாதத்து வெள்ளிக்கிழமைக் காலையில், வெங்கமேட்டுப் புதூரில், பனியன் கம்பெனி டெய்லர் துளசிமணிக்கு விலாவின் இரண்டு பக்கமும் புதிதாக இரண்டு கைகள் வந்தன.

அதற்கு முன்பே ஊரில் சில நல்ல காரியங்கள் நடந்திருந்தன. பெண்கள் நலத்துறை என்று ஒன்று இருந்தது. பெண்ணைத் தனியாகப் பிரித்துப் பேசுவது குடும்பத்தைப் பிளக்கும் பேச்சு என்று கண்டுபிடித்து அதற்குக் குடும்பப் பெருமைத் துறை என்று பெயர் மாற்றினார்கள். பலகையிலிருந்து 'பெண்கள்' என்ற சொல்லைச் சுரண்டியபோது சுவரின் காரையும் கொஞ்சம் பெயர்ந்து வந்தது. தெருமுனைப் பால்வாடியை மூடினார்கள். தாயின் மடி இருக்கும்போது தகரக் கொட்டகை எதற்கு என்று கேட்டார்கள். பிறகு அதே தகரக் கொட்டகையை மாவட்டச் செயலாளரின் மைத்துனர் குத்தகைக்கு எடுத்து, கட்டணம் வைத்து, 'தாய்மடி' என்றே பெயரும் வைத்தார். வயதானவர்களைப் பகலில் பார்த்துக்கொண்ட நிழலகத்தை மூடினார்கள். பெரியாஸ்பத்திரியில் நர்சுகளைக் குறைத்துவிட்டு, மருந்தைவிட மருமகளின் கைப்பக்குவமே நோய் தீர்க்கும் என்று சுவரில் அழகான எழுத்தில் எழுதினார்கள். கம்பெனிகளின் வேலை நேரத்தை நீட்டினார்கள். அதில் கட்டாயம் எதுவுமில்லை, எல்லாம் விருப்பத்தின் பேரில்தான். விருப்பமில்லாதவர்கள் விருப்பத்தின் பேரில் வீட்டுக்குப் போய்விடலாம்.

துளசிமணியின் வீட்டில், நிழலகம் மூடிய மறுமாதமே மாமியார் ராமாத்தாள் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டு படுத்தாள். புருஷன் சென்னியப்பன், நூல் விலை ஏறியதில் இரண்டு தறிகளையும் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிட்டு, நூல் விலையை ஏற்றிய கட்சியிலேயே சேர்ந்து வார்டு அமைப்பாளராகி, வெள்ளை வேட்டிக்கு மாறியிருந்தான். கெட்டவன் என்று சொல்ல முடியாது. பெண்டாட்டியை அடிப்பதில்லை என்பதைத் தானே நாலு பேரிடம் சொல்லிக்கொள்கிற அளவுக்கு நல்லவன்.

அந்த வெள்ளிக்கிழமை, "அம்மிணி, சித்தெ என்னையத் திருப்பிப் படுக்க வையி, இடுப்பு எரியுது" என்று உள்ளேயிருந்து ராமாத்தாள் கூப்பிட, "ஜில்லாவுல இருந்து ஆள் வராங்க, வேட்டிக்கு இஸ்திரி போட்டயா, அப்படியே அஞ்சாறு காப்பி" என்று வாசலிலிருந்து சென்னியப்பன் சொல்ல, முக்கில் கம்பெனி வேன் ஆரன் அடித்தது. துளசிமணி இட்லித் துணியைப் பிழிந்தபடி, யாரையும் பார்க்காமல், "எனக்கென்ன நாலு கையா இருக்கு?" என்றாள்.

அவள் அம்மா கேட்ட கேள்விதான் அது. அம்மாவின் அம்மா ஆட்டுரலுக்கு முன்னால் உட்கார்ந்து கேட்ட கேள்விதான். தமிழ் பேசுகிற அடுப்படிகளிலெல்லாம் தினமும் கேட்கப்பட்டு, கேட்ட வாய் மூடுவதற்குள் கேட்டவளே எழுந்து போய் வேலையைச் செய்துவிடுவதால், பதிலே தேவைப்படாமல் போன கேள்வி. அன்றைக்குத்தான் யாரோ அதைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. துளசிமணி எழுந்து போனாள். மாமியார் திரும்பிப் படுத்தாள், வேட்டிக்கு மடிப்பு விழுந்தது, காப்பி நுரைத்தது, வேனும் தவறவில்லை. எப்படி நடந்தது என்று யோசிக்க அவளுக்கு நேரமில்லை.

வேனில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரகமத்தக்காதான் முதலில் நெளிந்தாள். ரகமத், துணியின் ஓரம் பிரியாமல் அடிக்கிற ஓவர்லாக் டெய்லர்; திண்டுக்கல்லிலிருந்து வந்து இந்த ஊர்ப் பஞ்சிலேயே தலை வெளுத்தவள்.

"ஏண்டி துளசி, என் இடுப்புல என்ன பண்ணிட்டிருக்க?"

"நானில்லக்கா. என்ற ரெண்டு கையும் டிபன் பாக்சைப் புடிச்சிருக்குது பாரு."

"அப்ப இது எவ கைடி?"

இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். துளசிமணியின் முந்தானைக்குள்ளிருந்து நீண்டிருந்த ஒரு கை, ரகமத்தின் சுடிதாரில் நீட்டிக்கொண்டிருந்த நூல் பிசிரை வெகு கவனமாக நகத்தால் கிள்ளி எடுத்துக்கொண்டிருந்தது. பச்சைக் குழந்தையின் கை மாதிரி புதுசாக இல்லை அது. உள்ளங்கை காய்த்திருந்தது, ஆள்காட்டி விரலில் ஊசி இறங்கிய தழும்பு, புறங்கையில் எண்ணெய் தெறித்த புள்ளிகள்.

ரகமத் பெருமூச்சு விட்டாள். "வந்ததுதான் வந்துச்சு, மோதிரம் போட்ட கையா ஒண்ணு வரக் கூடாதாடி? இதுவும் வேலைக்காரிக் கையாவே வந்திருக்குது."

அன்று சாயங்காலம் செய்தி சொன்னபோது ராமாத்தாள் கண்ணைக்கூட முழுசாகத் திறக்கவில்லை. "கை வந்துருச்சா? நல்லதாப் போச்சு. அப்ப அந்தக் கையில இந்தக் காலைச் சித்தெ அமுக்கி உடு" என்றாள். சென்னியப்பன் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "பரவால்ல, ரெண்டு பக்கமும் சமமாத்தான் வந்திருக்குது, பாக்க அசிங்கமா இல்ல" என்றான். பிளஸ் டூ படிக்கத் தொடங்கியிருந்த மகள் கோபிகா மட்டும் பக்கத்தில் வந்து, புதுக் கைகளில் ஒன்றைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்து, "வலிக்குதாம்மா?" என்று கேட்டாள். வலிக்கத்தான் செய்தது, ஆனால் அதைச் சொல்வதற்குள் அந்தக் கை மகளின் தலையில் சிக்கெடுக்கத் தொடங்கிவிட்டது.

ஆடி பிறப்பதற்குள் ஊரிலிருந்த பாதிப் பெண்களுக்குக் கை வந்துவிட்டது. எத்தனை கை என்பது அவரவர் வாயைப் பொறுத்தது. "நாலு கையா" என்று கேட்டுப் பழகியவர்களுக்கு நாலு. சத்துணவு டீச்சர் மல்லிகேசுவரி எதையும் கொஞ்சம் கூட்டியே பேசுகிறவள், "எனக்கென்ன பத்துக் கையா இருக்கு?" என்பாள், அவளுக்குப் பத்துக் கை வந்து, வாசற்படியில் நேராக நுழைய முடியாமல் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடந்தாள். அவள் சமையற்கூடத்தில் உதவியாளர்கள் மூன்று பேரையும் அரசாங்கம் மறுநாளே நிறுத்தியது.

ஆஸ்பத்திரிக்குப் போனவர்களிடம் டாக்டர், "புதுக் கை வலிக்குதா?" என்று கேட்டார். வலிக்கிறது என்றார்கள். "அப்ப நல்லா வேலை செய்யுது" என்று சுண்ணாம்புச் சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினார். ஊர் டெய்லர்கள் நாலு கை ஜாக்கெட்டுக்குக் கூலியை இரட்டிப்பாக்கினார்கள். கம்பெனிகள் நாலு கை டெய்லர்களுக்குக் கூலியைப் பாதியாக்கின. அதெப்படி என்று கேட்டவர்களுக்கு மேனேஜர் லோகநாதன் பொறுமையாக விளக்கினார்: "பீசுக்கு இத்தனைன்னு ரேட்டு. இப்ப நீங்க ரெண்டு மடங்கு தைக்கறீங்க. ரேட்டைக் குறைச்சாலும் உங்களுக்கு வர்ற கூலி அதேதானம்மா! உங்க கூலியில கம்பெனி கை வைக்கல, பாருங்க."

தைக்கிற மிஷினுக்கு எதிரே நின்று, தைத்து வருகிற துணியைப் பிடித்து மடித்துப் போடுகிற பெண்களுக்குக் கைமடி என்று பெயர். டெய்லர் தன் கையாலேயே தைத்து, தன் கையாலேயே மடித்துக்கொள்கிறபோது கைமடி எதற்கு என்று அவர்களை ஒரே மத்தியானத்தில் வெளியே அனுப்பினார்கள். வெளியே போன பெண்களுக்கும், வேறு வேலை தேடி வீட்டுக்கும் தெருவுக்குமாக அலைந்ததில், சீக்கிரமே கை வந்தது. வெளிநாட்டிலிருந்து துணி வாங்குகிறவர்கள் ஓர் ஆய்வாளரை அனுப்பினார்கள். அவர் கண்ணாடி போட்ட, நல்ல மனசுக்காரர். எல்லாக் கைகளுக்கும் கையுறை இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு, "இந்தக் கைகள் உங்கள் விருப்பத்தின் பேரில்தானே வந்தன?" என்று கேட்டார். மேனேஜர் பக்கத்தில் நின்றதால் எல்லோரும் ஆமாம் என்றார்கள். அவருக்கு மனசு நிறைந்துவிட்டது.

கட்சிக்குத்தான் முதலில் கொஞ்சம் குழப்பம். பிறகு அமைச்சர் வந்து, சந்தைத் திடலில் மேடை போட்டு, "உலகத்தில் எந்த நாட்டிலாவது உண்டா? கோயிலுக்குள் இருந்த அம்மன் இன்றைக்கு வீட்டுக்கு வீடு வந்துவிட்டாள்! அம்மனுக்குச் சம்பளம் கொடுத்துக் கொச்சைப்படுத்தலாமா?" என்று கேட்டபோது எல்லாம் தெளிவாகிவிட்டது. கூட்டம் கைதட்டியது, பெண்கள் பக்கத்திலிருந்து வந்த சத்தம் ஆண்கள் பக்கத்தைவிட இரண்டு மடங்கு இருந்ததாக மறுநாள் பேப்பரில் எழுதியிருந்தார்கள். எதிர்க்கட்சி சும்மா இருக்குமா? கை வந்த பெண்களுக்குத் தங்கள் ஆட்சியில் ஆளுக்கு நாலு வளையல் என்று அறிவித்தது. தொலைக்காட்சியில் நாலு ஆண்கள் உட்கார்ந்து நாலு கையைப் பற்றி ஒரு வாரம் விவாதித்தார்கள்.

ரகமத்துக்கும் கை வந்திருந்தது. "எனக்கென்ன அல்லா நாலு கையா வெச்சான்?" என்று கேட்டுத்தான் வந்தது. அமைச்சரின் கதையில் அதற்கு இடமில்லாததால், கட்சிக்காரர்கள் அவளைக் கடக்கும்போது கழுத்துவரை மட்டும் பார்த்தார்கள். "என்ற கை கணக்குல வராதாமாடி, கூலியைக் குறைக்கறப்ப மட்டும் கணக்குல வந்துருது" என்றாள் அவள்.

மகளிரணித் தலைவி டாக்டர் குணவதி அம்மையாருக்குத்தான் பெரிய சங்கடம். (அந்த டாக்டர் பட்டம், நாம் கேள்விப்படாத ஒரு பல்கலைக்கழகம் தபாலில் அனுப்பியது.) மாநிலம் முழுக்கக் கை வருகிறபோது தலைவிக்கு வராமல் இருந்தால் நன்றாகவா இருக்கும்? நிலைக்கண்ணாடி முன்னால் நின்று அம்மையார் அந்தக் கேள்வியைப் பலமுறை கேட்டுப் பார்த்தார். வீட்டில் சமைக்க ஓர் ஆள், துவைக்க ஓர் ஆள், கார் கதவைத் திறக்க ஓர் ஆள் இருந்ததாலோ என்னவோ, ஒரு விரல்கூட முளைக்கவில்லை. கடைசியில், கோயில் சப்பரம் கட்டுகிறவரிடம் சொல்லி, தெர்மாகோலில் ஆறு கைகள் செய்து, வளையல் போட்டு, முதுகில் கட்டிக்கொண்டார். காற்றடிக்கிற நாளில் மட்டும் மேடையேற மாட்டார்.

நாகரிகம் என்று ஒன்று இருக்கிறதே. வேலை செய்யாத நேரத்தில் கூடுதல் கைகளை வெளியே காட்டிக்கொண்டு திரிவது குடும்பப் பெண்ணுக்கு அழகில்லை என்று கட்சி சொன்னது; மூடிக்கொள்ள வீட்டுக்கு வீடு இலவசமாகத் துண்டு கொடுத்தது. தண்ணீர்க் குடம் தூக்கும்போது, மாவாட்டும்போது, மிஷின் மிதிக்கும்போது கை தெரியலாம். பேக்கரியில் நின்று டீ குடிக்கும்போது தெரியக் கூடாது. பூ மார்க்கெட் பக்கம் ஒருத்தி நாலு கையையும் மார்பில் கட்டிக்கொண்டு நின்று மழையை வேடிக்கை பார்த்ததற்கு, இளைஞரணிப் பையன்கள் சுற்றி நின்று புத்திமதி சொல்லி அனுப்பினார்கள்.

பெண் பிள்ளைகள் உள்ள வீடுகளில், "வயசுக்கு வந்தாச்சா?" என்கிற பேச்சு பழசாகி, "கை வந்தாச்சா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். கை வந்த பெண்ணுக்கு மாமன் சீர் உண்டு, மஞ்சள் நீர் உண்டு, பிளெக்ஸ் போர்டு உண்டு. மாப்பிள்ளை வீட்டார் நிறத்தைக் கேட்பதற்கு முன்னால் கையைக் கேட்டார்கள். அரசாங்கமும் தன் பங்குக்கு ஓர் ஆணை போட்டது: கை வந்த பெண்ணுக்குக் குடும்பமே பல்கலைக்கழகம் என்பதால், அவளுக்குக் கல்லூரியில் கிடைத்த இடத்தைத் திரும்பப் பெற்று, பணம் கட்டிப் படிக்கிறவர்களுக்குக் கொடுக்கலாம்.

துளசிமணியின் நெஞ்சில் பயம் வந்து உட்கார்ந்தது இந்த ஆணைக்குப் பிறகுதான். அடுத்த வருஷம் பிளஸ் டூ முடித்த கோபிகாவுக்கு, கோயமுத்தூரில் ஓர் அரசுக் கல்லூரியில் வேதியியல் படிக்க இடம் கிடைத்திருந்தது. சாயப்பட்டறைத் தண்ணீர் ஓடும் ஆற்றைப் பார்த்து வளர்ந்தவள் அவள். ஆறு எந்த நிறத்தில் ஓடுகிறது என்பதை வைத்தே இந்த வருஷம் வெள்ளைக்காரன் என்ன கலர் பனியன் போடப் போகிறான் என்று சொல்லிவிடுவாள். அந்தத் தண்ணீருக்குள் என்ன இருக்கிறது என்று படிக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு எதையும் அவள் கேட்டதில்லை. அவளுக்கு இன்னும் இரண்டு கைதான். அந்த இரண்டு கையோடு அவளைப் பஸ் ஏற்றிவிட வேண்டும். துளசிமணிக்கு வேறு வேண்டுதல் இல்லை.

இதற்கிடையில் மாவட்டச் செயலாளர், 'ஆயிரம் கை மங்கல விழா' என்று ஒன்றை ஏற்பாடு செய்தார். புதிதாகக் கை வந்த பெண்களை வரிசையாக நிறுத்தி ஆரத்தி எடுப்பது, அங்கேயே நல்ல இடமாகப் பேசி முடிப்பது. வரிசையில் முதலில் நிற்கிற பெண்ணின் தகப்பனுக்கு, வருகிற நகராட்சித் தேர்தலில் நிற்கச் சீட்டு. "என்ற புள்ளையத்தான் முதல்ல நிறுத்தறேனுங்க அண்ணா" என்று சென்னியப்பன் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தான்.

"அவளுக்குத்தான் கையே வரலீங்களே" என்றாள் துளசிமணி.

"வர வைக்கோணும். நீ செல்லம் கொடுத்து வெச்சிருக்கற, எங்கிருந்து வரும்?"

"அவ காலேஜுக்குப் போறவ."

"போயி? படிச்சுட்டு வந்து சாயப்பட்டறைக்காரன் மேல கேஸ் போடுவாளா? அந்த சாயப்பட்டறைக்காரர்தான் நம்ம மாவட்டச் செயலாளரு. தெரியுமில்ல?"

மறுநாள் காலையில் துளசிமணிக்கு ஒரு விசித்திரம் நடந்தது. கை வந்ததைவிடப் பெரிய விசித்திரம். அவள் எழுந்து அடுப்படிக்குப் போனபோது, சென்னியப்பன் வழியை மறித்து, வாசலில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டி, "நீ உக்காரு" என்றான். உள்ளேயிருந்து ராமாத்தாளும், "ஆமா அம்மிணி, நீ உக்காரு. எத்தன வருசமா ஓடியாடறே" என்றாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் யாரும் அவளிடம் சொல்லாத சொல். துளசிமணி உட்கார்ந்தாள். நாலு கையையும் மடியில் வைத்தாள். வெயில் காலில் விழுந்து மெதுவாக முழங்காலுக்கு ஏறியது. எதிர் வீட்டு முருங்கையில் ஓர் அணில் இறங்கிக் கொஞ்சம் யோசித்து மறுபடி ஏறியது. கைகளிலிருந்த வலி, தூக்கணாங்குருவி கூட்டைவிட்டுப் பறப்பது போல, ஒவ்வொரு விரலாக வெளியேறியது. அவளுக்கு அழுகை வந்தது. சுகம் இப்படியா இருக்கும்? இது தெரியாமலா இவ்வளவு காலம் இருந்தோம்?

அப்புறம்தான் உள்ளேயிருந்து மகளின் காலடிச் சத்தம் கேட்டது. அடுப்படிக்கும் கொல்லைக்கும், கொல்லைக்கும் அப்பத்தாவின் கட்டிலுக்கும், கட்டிலிலிருந்து வாசலுக்கும். தன் வேலையெல்லாம் எங்கே போய்ச் சேர்ந்தது என்று துளசிமணிக்கு அப்போது விளங்கியது. எழுந்தாள். "உக்காருன்னு சொன்னேனில்ல" என்று சென்னியப்பன் அவள் தோளை அழுத்தினான்.

கம்பெனி உணவு இடைவேளையில் ரகமத்திடம் சொல்லி அழுதாள்.

"அந்தக் கேள்விய மட்டும் கேக்காதேன்னு சொல்லியிருக்கேன்க்கா. வாயில வந்தா முழுங்கிரு கண்ணுன்னு சொல்லியிருக்கேன். எத்தன நாளைக்கு முழுங்குவா?"

ரகமத் ஒரு கையால் சோற்றைப் பிசைந்து, ஒரு கையால் ஊறுகாய் பிரித்து, மூன்றாவது கையால் துளசிமணியின் கண்ணைத் துடைத்தாள். நாலாவது கை, பழக்கதோஷத்தில், காற்றில் துணி மடித்துக்கொண்டிருந்தது.

"கேக்கறதுல வரலடி கை. நம்ம செக்கிங் டேபிள் மேரிய பாரு. நாள் முழுக்க 'எனக்கென்ன நாலு கையா'ன்னுதான் பேசறா. வந்துச்சா?"

"வரல."

"ஏன் வரல? அவ கேட்டுட்டு உக்காந்துக்கறா. சோறு வேணுங்கறவன் போட்டுத் திங்கறான். நாமதான் கேட்டுட்டு எந்திரிச்சுப் போயிடறோம். கேட்டுட்டு எந்திரிக்கறமே, அங்கதாண்டி இருக்குது."

விழா நாளும் வந்தது. மண்டபத்துக்குப் போவதற்கு முன்னால், கை வருகிற நேரத்தைப் படம் பிடித்துவிட வேண்டும் என்று மாவட்டச் செயலாளரும், குணவதி அம்மையாரும், கேமராக்காரரும், தொண்டர்களுமாக வீட்டுக்கே வந்துவிட்டார்கள். வாசலில் செருப்புகள் குவிந்தன. கூடத்தில் துளசிமணிக்கு நடுநாயகமாக நாற்காலி போட்டிருந்தார்கள். கை வந்தவள் பெற்ற பெண் என்று படத்தில் தெரிய வேண்டுமாம். அம்மையார் தெர்மாகோல் கைகள் சுவரில் இடிக்காமல் ஓரமாக நின்றார்.

"பொண்ணுக்குக் கை வந்துருச்சா சென்னியப்பா?"

"இப்ப வந்துருமுங்க அண்ணா. காலையில இருந்து உக்காரவே விடல."

கோபிகா ஏற்கெனவே வேர்த்துக் கிடந்தாள். "கோபி, எல்லாத்துக்கும் காப்பி!" பாலை அடுப்பில் வைத்தாள். "பாப்பா, அம்மையாருக்குச் சுடுதண்ணி!" எடுக்கத் திரும்பினாள். "சாமி, மூத்திரப் பாத்திரம் நெறஞ்சுருச்சு, எடு" என்று கட்டிலிலிருந்து குரல். "தங்கச்சி, போன் சார்ஜ் போடணும், ஒயர் எங்க?" "இந்தப் புடவையச் சித்தெ இஸ்திரி போடு கண்ணு." "ஊதுபத்தி!" "விசிறி!" "அப்படியே அந்த நாற்காலி!"

அந்தப் பெண் கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவிலிருந்த நிலைப்படியில் நின்றாள். முகம் சிவந்து, உதடு கோணிக்கொண்டது. அம்மா சொன்னதை நினைத்து முழுங்கித்தான் பார்த்தாள். முடியவில்லை.

"எனக்கென்ன நாலு கையா இருக்கு?"

கேமராக்காரர் குனிந்து அவள் விலாவைக் குறி வைத்தார். மாவட்டச் செயலாளர் சிரித்தபடி கைகூப்பத் தயாரானார். உள்ளே ராமாத்தாள் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினாள். இனி அவள் ஓர் அடி எடுத்து வைத்தால் போதும். துளசிமணி அந்தக் காலைத்தான் பார்த்தாள். அந்தக் கால், பதினேழு வருஷமாகப் பார்த்துப் பழகியதை அப்படியே செய்ய, அடுப்படிப் பக்கமாகத் தூக்கவும் தூக்கியது.

"இல்ல கண்ணு" என்றாள் துளசிமணி.

எல்லோரும் திரும்பினார்கள்.

"உனக்கு ரெண்டு கைதான் இருக்குது. ரெண்டே ரெண்டு. வா, வந்து உக்காரு."

தூக்கிய கால் அந்தரத்தில் கொஞ்சம் ஆடியது. பிறகு திரும்பியது. கோபிகா வந்து அம்மாவின் காலடியில் உட்கார்ந்து, மடியில் தலையை வைத்துக்கொண்டாள். நாலு கையும் அவளைச் சுற்றி வந்து பூட்டிக்கொண்டன. நாலும் சேர்ந்து பிடித்த பிடியை அங்கிருந்த எந்த ஆணும் பிரித்துவிட முடியாது என்பது பார்க்கும்போதே தெரிந்தது.

"துளசி, என்ன பண்ற? உடு அவள" என்றான் சென்னியப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"புள்ள ஒரு கேள்வி கேட்டா. பதில் சொன்னேனுங்க. கேட்டா யாராச்சும் பதில் சொல்லோணுமில்ல?"

அடுப்படியில் பால் பொங்கியது. தொண்டர்களில் ஒருவர் நல்ல சகுனம் என்று நினைத்துக் கை தட்டினார், மற்றவர்களும் தட்டினார்கள். பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்தது. கொஞ்ச நேரத்தில் கேஸ் வாசனை கூடத்துக்கு வந்தது. கைதட்டல் நின்றது. யார் போய் மூடுவது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் எல்லோரும் நாற்காலியைப் பார்த்தார்கள். நாற்காலி எழுந்திருக்கவில்லை. முதலில் மாவட்டச் செயலாளருக்கு வேறு நிகழ்ச்சி ஞாபகம் வந்தது. குணவதி அம்மையார் வெளியேறுகிற அவசரத்தில் வாசற்படியில் நேராக நுழைந்ததில், வலது பக்கத்து மூன்று கைகள் நிலையில் முறிந்து வளையலோடு விழுந்தன. கேமராக்காரருக்கு அன்றைக்குக் கிடைத்த ஒரே படம் அதுதான்.

"அடேய், யாராச்சும் அடுப்ப மூடுங்கடா, செத்துப் போயிருவேனாட்ட இருக்குது" என்று ராமாத்தாள் கத்தினாள்.

சென்னியப்பன் போனான். உள்ளே பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டது.

"எந்தப் பக்கம் திருகறது?"

"வலது பக்கமுங்க" என்றாள் துளசிமணி, எழுந்திருக்காமல்.

"தொடைக்கிற துணி எங்க வெச்சிருக்கற?"

"சிங்குக்கு அடியில."

"அம்மாவோட பாத்திரத்த எங்க கொட்டறது?"

அதற்கும் பதில் சொன்னாள். அந்த வீட்டில் இருபது வருஷம் வாழ்ந்தவன், அது எங்கே, இது எங்கே, எப்படி என்று வெளியூரிலிருந்து வந்தவன் போல ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டேயிருந்தான். அவளும் சளைக்காமல் சொல்லிக்கொண்டேயிருந்தாள். அவனுக்குக் கை எதுவும் வரவில்லை. பாதி வேலையில் விட்டுவிட்டு, கோபமாகச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

தேர்தல் சீட்டு மல்லிகேசுவரி டீச்சரின் புருஷனுக்குப் போயிற்று. பத்துக் கைக்காரியின் கணவர் என்று போஸ்டர் ஒட்டி ஜெயித்தும் விட்டார். வெங்கமேட்டுப் புதூர்ப் பெண்ணின் இரண்டு கைகளுக்குப் பின்னால் வெளிநாட்டுச் சதி இருக்கிறது என்று கட்சிப் பத்திரிகை எழுதியது. கம்பெனியில் ரேட்டை இன்னும் கொஞ்சம் குறைத்தார்கள். சென்னியப்பன் வீட்டில் யாரோடும் பேசுவதில்லை. வேலை சொல்வதற்கு மட்டும் வாயைத் திறந்தான். துளசிமணியின் நாலு கையும் அப்படியேதான் இருந்தன. வந்த கைகள் யாருக்கும் திரும்பிப் போனதாகத் தெரியவில்லை. குளிர்காலத்தில் விலாவோரம் இப்போதும் வலிக்கிறதாம்.

கல்லூரி திறக்கிற நாளன்று, பஸ் ஸ்டாண்டில், கோயமுத்தூர் பஸ்ஸின் ஜன்னலோரத்தில் கோபிகா உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையாலும் பையை இறுக்கிப் பிடித்திருந்தாள். துளசிமணி இறங்கி ஜன்னலுக்குக் கீழே நின்றாள். பஸ் நகர்ந்ததும் ஒரு கையைத் தூக்கி ஆட்டினாள். பிறகு இன்னொன்றை. துண்டு நழுவி விழுந்ததை எடுக்காமல், மூன்றாவதையும் நாலாவதையும் தூக்கி, பூக்காரிகளும் கண்டக்டர்களும் இளைஞரணிப் பையன்களும் பார்க்கப் பார்க்க, நாலு கையையும் வானத்தில் உயர்த்தி ஆட்டிக்கொண்டேயிருந்தாள். பஸ் திருப்பத்தில் மறைந்த பிறகும் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

பின்னால் கிளம்பத் தயாராயிருந்த அடுத்த பஸ்ஸின் கண்டக்டர் விசிலை ஊதி நிறுத்திவிட்டு, எட்டிப் பார்த்து எரிச்சலோடு கேட்டார்.

"ஏம்மா, நாலு கையும் காட்டறயே, எங்க போகோணும்? ஏறறயா இல்லயா?"

"எங்கயும் போகலீங்க."

"அப்புறம் எதுக்குக் கைய ஆட்டற?"

துளசிமணி கைகளை இறக்கவில்லை.

"சும்மா" என்றாள்.